பங்குச் சீட்டு பெட்டியில், பங்குதாரர் எங்கே?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குத் துக்கம் கேட்கச் சென்றிருந்தோம். காலமானவர் எண்பது வயதைக் கடந்த பெரியவர். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பால்மரக் காட்டிலே கழித்தவர். தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டபின், பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வந்து மாடி வீட்டிலே முடங்கிக் கிடந்தவர். சடங்குகளெல்லாம் முடிந்தபின் அவருடைய துணைவியார் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து எம் முன்னே வைத்தார். "தம்பி, நீங்க கிராணி வேலை பாக்கிறவங்க. இந்தக் காகிதமெல்லாம் என்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பெட்டிக்குள்ளே பிறப்புச் சூரை இருந்தது. சிவப்பு அடையாளக் கார்டு இருந்த காலத்துக் கடிதங்கள் இருந்தன. சங்கச் சந்தா அட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறையிலே மடித்து வைக்கப்பட்டு, கூட்டுறவுச் சங்கமொன்றின் பங்குச் சீட்டும் இரசீதுகளும் இருந்தன. ஒவ்வோர் இரசீதும் பத்து வெள்ளி. மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார். ஆனால், தமக்குப்பின் அந்தப் பங்கு யாரைச் சேர வேண்டும் என்பதை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அன்று அந்த வீட்டிலே ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தோம். எல்லோரும் தோட்டத்திலே பிறந்தவர்கள், அல்லது தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள். அந்தப் பத்து வெள்ளி ஏன் கட்டப்பட்டது, எதற்காகக் கட்டப்பட்டது என்று அந்த அம்மையாருக்கு முழுமையாக எடுத்துச் சொல்லத் தக்கவர் எங்களில் ஒருவருமில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். வீடு திரும்பிய பின்னர் பெரியவர்களைக் கேட்டும், பழைய ஏடுகளைப் புரட்டியும் தெரிந்து கொண்டதை இவ்வாரத் தலையங்கமாக வைக்கிறோம். ஏனெனில், "தொழிலாளர் முன்னேற்றம்", "கிராம முன்னேற்றம்" என்று மேடைதோறும் பேசப்படும் சொல்லுக்கு உண்மையான பொருள் அந்தத் தகரப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறதென்பது எமது எண்ணம்.

தோட்டம் துண்டான கதை

மலாயா 1957-இல் விடுதலை பெற்றது. அதற்குச் சற்று முன்பிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தொடங்கின. வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் பால்மரம் வளர்க்க வந்தவர்கள் அல்லர். நாலைந்து பணக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கடன் வாங்கித் தோட்டத்தை மொத்தமாக வாங்குவார்கள். பிறகு அதைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்து, ஏக்கருக்கு இத்தனை வெள்ளி என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். கைக்கு வந்த இலாபத்தோடு அடுத்த தோட்டத்தைத் தேடிப் போவார்கள். இதைத்தான் நம் முன்னோர் "தோட்டத் துண்டாடல்" என்று வயிறெரிந்து சொன்னார்கள்.

ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஒரே கையில் இருந்தால் அதற்கொரு நிர்வாகம் உண்டு. பெரட்டு உண்டு, ஆயாக் கொட்டகை உண்டு, டிரஸர் உண்டு, தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. சங்கம் பேசுவதற்கு எதிரிலே ஒரு முதலாளி உண்டு. அதே ஆயிரம் ஏக்கர் நூறு பேர் கைக்குப் போனால் இவற்றுக்கெல்லாம் யார் பொறுப்பு? பத்து ஏக்கர்க்காரன் பள்ளிக்கூடம் நடத்துவானா? மருந்து வாங்கி வைப்பானா? அவன் தன் குடும்பத்தாரைக் கொண்டோ, குத்தகையாளைக் கொண்டோ மரம் வெட்டிக் கொள்வான். இருபது முப்பது ஆண்டுகள் ஒரே நிரையில் நின்ற தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு கட்டிய வீடாகையால் வீடும் போயிற்று. வீட்டோடு பிள்ளையின் படிப்பும் போயிற்று. ஒரே கையெழுத்தில் மூன்றும் போன கொடுமை அது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடிப் பிறந்தது. கூலிக்காகப் போராடப் பிறந்த அந்தச் சங்கத்துக்கு, கூலி கொடுக்கும் தோட்டமே மறைந்து போகும் நிலைமை எதிரே வந்து நின்றது. கூலி உயர்வு கேட்கலாம். கொடுப்பவன் இருக்கும்போது கேட்கலாம். தோட்டமே இல்லாத இடத்தில் ஒப்பந்தம் யாருடன் செய்வது? இந்தத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் உங்கு அஸிஸ் ஆராய்ந்து, 1951 முதல் 1960 வரை நடந்தவற்றைத் தொகுத்து 1962-இல் அறிக்கையாக வெளியிட்டார். தொழிலாளியின் புலம்பல் என்று தள்ளப்பட்டது, அதன்பின் நாட்டின் பொருளாதாரக் கேள்வியாக ஏற்கப்பட்டது. தோட்ட நிலத்தைத் துண்டாக்குவதற்கும் கைமாற்றுவதற்கும் மாநிலத் தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டுமென்ற கட்டுப்பாடு, 1970-களில்தான் தேசிய நிலச் சட்டத்திலே வந்து சேர்ந்தது. சட்டம் வந்து சேருமுன் எத்தனையோ லயங்கள் காடாகிவிட்டன.

பத்து வெள்ளியின் பலம்

சட்டம் வரும் என்று காத்திருக்கவில்லை சிலர். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தோட்ட மண்ணை அறிந்தவர். அவருடைய அரசியலைப் பற்றி நம்மில் பல கருத்துடையோர் உண்டு. இவ்வேட்டின் வேலை கட்சி பேசுவதன்று. ஆனால் செய்த செயலைச் செய்ததென்று சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்.

திட்டம் மிக எளிது. தோட்டங்களை விற்கிறார்களா? அப்படியானால் நாமே வாங்குவோம். நம்மிடம் பணமில்லையா? ஒருவனிடம் இல்லைதான், ஆயிரம் பேரிடம் உண்டு. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்ட முடியாதவர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். இதைச் சொல்லிக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் போனார்கள். பெரட்டுக் களத்திலும், கோயில் முன்றிலிலும், பள்ளிக்கூடத் திண்ணையிலும் கூட்டம் போட்டார்கள்.

இன்று பத்து வெள்ளி என்பது கடையிலே ஒரு வேளைச் சோற்றுக்கும் தேநீருக்கும் சரியாய்ப் போகும். அன்று நாட்கூலி வாங்கிய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. மழை பெய்து மரம் நனைந்தால் அந்த நாளும் இல்லை. விடியுமுன் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கிலே சொட்டிய பாலை வாளியிலே சேர்த்துத் தோளிலே சுமந்தவன், அந்தக் கூலியிலிருந்து எடுத்துக் கட்டிய பணம் அது. கடையில் பாக்கி இருக்க, பிள்ளைக்குச் சட்டை இல்லாதிருக்க, கட்டிய பணம். அதனால்தான் அந்த இரசீதுகளை அவர்கள் பிறப்புச் சூரையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார்கள்.

அப்பணம் சும்மா கிடக்கவில்லை. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் 1961-இல் வாங்கிற்று. அதுவே முதல் தோட்டம். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. துண்டாகிப் போயிருக்க வேண்டிய நிலம் முழுசாக நின்றது. நடுத்தெருவுக்கு வந்திருக்க வேண்டிய குடும்பங்கள் லயத்திலேயே நின்றன. நாடு முழுவதும் நடந்த துண்டாடலை அது நிறுத்திவிடவில்லை. நிறுத்தும் பலம் அதற்கில்லை. ஆனால், கூலிக்காரனும் நிலம் வாங்க முடியும் என்று அது காட்டிற்று. துன் சம்பந்தன் 1979-இல் மறைந்தார். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானிலே அவர் பெயர் தாங்கி நிற்கும் கட்டிடத்தைப் பார்க்கும்போது, அதன் செங்கல்லுக்கடியில் பால்வெட்டியவனின் பத்து வெள்ளி இருக்கிறதென்பதை நாம் மறக்கலாகாது.

இவ்வழி புதுவழியுமன்று. இங்கிலாந்திலே ராச்டேல் நகரத்து நெசவாளிகளும் மற்றத் தொழிலாளரும் 1844-இல் சில்லறை சேர்த்துக் கடை வைத்தார்கள். சென்னையிலே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் எழுந்தது. கலப்பட அரிசிக்கும் கள்ளத் தராசுக்கும் அஞ்சிய ஏழைகள், "கடையை நாமே வைப்போம்" என்று சொன்ன அதே மொழியைத்தான், "தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்று நம் முன்னோர் சொன்னார்கள்.

நிலமில்லாதவன் நிலை

நிலம் ஏன் இத்தனை முக்கியம்? கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தால் போதும்.

இன்றைய பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் தோட்டம். ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்ட நிலத்தில். நாட்டின் நிர்வாகத் தலைநகரமாகிய புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டத்தின் மண்ணிலே 1990-களில் எழும்பிற்று. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில் அரங்கத்தைச் சுற்றியிருந்ததும் பால்மரக் காடுதான். இந்த நிலங்களை யானையும் புலியும் உலாவிய காலத்திலே வெட்டித் திருத்தியவர் யார்? மலைக்காய்ச்சலுக்கு உயிர் கொடுத்தவர் யார்? ஏக்கர் கணக்கில் விற்ற நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபோகும்போது, அந்த இலாபத்திலே அவர்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு? சிலருக்கு நட்ட ஈடு. சிலருக்கு மாடி வீடு. பலருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடுதலைக்குப்பின் அரசாங்கம் கிராம முன்னேற்றத்துக்கென 1959-இல் தனி அமைச்சு வைத்தது. சாலை போட்டார்கள், குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள், மின்சாரம் இழுத்தார்கள், நிலமில்லாத குடியானவருக்குப் பெல்டாத் திட்டத்தில் நிலம் கொடுத்தார்கள். நல்ல காரியங்கள், வரவேற்கிறோம். ஆனால் தோட்டத்தின் வாசலிலே வந்து அந்தச் சாலை நின்றுவிட்டது. காரணம், தோட்டம் தனியார் நிலமாம்; அங்கே குழாயும் விளக்கும் முதலாளியின் பொறுப்பாம். கிராமத்தில் வாழ்ந்தும் நாம் கிராமத்தார் கணக்கில் சேரவில்லை. நகரத்துக்கு வந்தபோது நகரத்தார் கணக்கிலும் எளிதில் சேரவில்லை. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டுமென்ற சட்டம் 1966-இலும், பிறகு விரிவாக 1990-இலும் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாகத் தீபகற்பத்தில் தொடங்கி, 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. இவையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பெற்றவை. எவரும் தாமாகக் கொண்டுவந்து வாசலில் வைக்கவில்லை.

ஆகவே முன்னேற்றமென்பது என்ன? கூலி உயர்வது அதில் ஒரு பாதி. காலின் கீழே இருக்கும் மண்ணிலும், தலைக்கு மேலே இருக்கும் கூரையிலும் நமக்கு உரிமை இருப்பது மறுபாதி. கூலியை மட்டும் உயர்த்திக்கொண்டு கூரையை மறந்தவன், வேலை நின்ற மறுநாள் பெட்டி படுக்கையோடு சாலையில் நிற்பான். இதை நம் கண்ணாலேயே பார்த்தோம்.

உடைமை மட்டும் போதுமா?

இங்கேதான் சிலர் அவசரப்பட்டு, "சரி, பங்கு வாங்கிவிட்டால் துன்பம் தீர்ந்ததல்லவா?" என்று கேட்பார்கள். தீராது, தோழர்களே. அதற்கும் சான்றுண்டு.

கேரளத்து மூணாற்று மலையிலே தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே கொழுந்து பறிப்பவர் பெரும்பாலோர் நம்மைப்போல் தமிழர்; தலைமுறை தலைமுறையாய் லயத்திலே வாழ்பவர். பெரிய கம்பெனி 2005-இல் அத்தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகிக்கொள்ளவே, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதுக் கம்பெனி ஏற்பட்டது. அதிலே தொழிலாளரும் ஊழியருமாகப் பல ஆயிரம் பேர் பங்குதாரர் ஆனார்கள். பெரும்பங்கு அவர்கள் கையிலே. உலகமே அதைப் புகழ்ந்தது. பத்தாண்டு கழித்து 2015 செப்டம்பரில் அதே கம்பெனியை எதிர்த்து அங்குள்ள பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சாலையிலே உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு வாங்கிய போனஸை 10 விழுக்காடாகக் குறைத்தது கண்டு எழுந்த கோபம் அது. பங்குதாரரே தம் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது! ஏன்? பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. பேச்சு அவர்கள் வாயில் இல்லை. கணக்கு எப்படிப் போகிறதென்று அவர்களுக்குச் சொல்வாருமில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்பாருமில்லை. அவர்கள் சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் அண்டவிடவில்லை. "எங்களுக்காகப் பேசுகிறோமென்று சொல்லி எங்களிடம் பேசாமலிருந்தீர்கள்" என்பது அவர்கள் குறை. அந்தப் பெண்கள் ஒன்பது நாள் உறுதியாக நின்று, 20 விழுக்காட்டுக்கான தொகையைப் பெற்ற பின்னரே எழுந்தார்கள்.

சங்கவாதிகளாகிய நாம் இந்தச் செய்தியைப் படித்து, "அது எங்கோ நடந்தது" என்று பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. சந்தா வாங்கும் நாளில் மட்டும் முகங்காட்டும் கிளைச் செயலாளர் எவரேனும் நம்மிடையே இருந்தால், அந்த மூணாற்றுப் பெண்களின் கேள்வி அவரைப் பார்த்தும் கேட்கப்பட்டதுதான்.

நம் நாட்டிலேயே இன்னொரு பாடமும் உண்டு. இந்தியர் பொருளாதாரத்தை உயர்த்துவதற்கென்று 1982-இல் மைக்கா நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளர் பலர் தாலிக்கொடியையும் காதுத்தோட்டையும் அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். நிலநிதிச் சங்கத்தைக் கண்ட நம்பிக்கை அவர்களுக்கு. எதிர்பார்த்த பலன் வரவில்லை. பல ஆண்டுகள் மனத்தாங்கலிலேயே கழிந்தன. யார்மீது குற்றமென்று பங்கிட இத்தலையங்கம் எழுதப்படவில்லை. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நம்பிக்கை நல்லதுதான். கேள்வியோடு கூடிய நம்பிக்கையே நிலைக்கும். கேள்வியில்லாத நம்பிக்கை கண்ணை மூடிக்கொண்டு பாதை கடப்பது போல.

கூட்டுறவின் உயிர் எங்கே இருக்கிறது? பணத்திலன்று, கூட்டத்தில் இருக்கிறது. கம்பெனியிலே பங்கு எத்தனையோ, ஓட்டு அத்தனை. கூட்டுறவிலே ஆள் ஒன்றுக்கு ஓட்டு ஒன்று. ஆயிரம் பங்குக்காரனும் ஒரு பங்குக்காரனும் அங்கே சமம். அந்த ஓர் ஓட்டைப் போட நாம் போகாவிட்டால், அந்தச் சமத்துவம் காகிதத்திலே எழுதிய சர்க்கரைதான்.

இப்போது செய்ய வேண்டியது

பெரிய பெரிய திட்டங்களை எழுதி உங்களைக் களைப்படையச் செய்ய நாம் விரும்பவில்லை. இந்த மாதத்திலேயே செய்யத்தக்க சில காரியங்களை மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது: வீட்டிலுள்ள பெட்டியைத் திறவுங்கள். தாத்தா பாட்டி, தாய் தந்தையர் பெயரில் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கே நேரில் போய் விசாரியுங்கள். இடையிலே வந்து "நான் முடித்துத் தருகிறேன், செலவுக்கு இத்தனை கொடு" என்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரத்தையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது: உயிரோடிருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குப்பின் யாரென்பதை இன்றே எழுதிவையுங்கள். கூட்டுறவுப் பங்குக்கு மட்டுமன்று, ஊழியர் சேமநிதிக்கும் எழுதுங்கள். சேமநிதி 1951-இல் தொடங்கிற்று. அதில் சேர்ந்த பணமும் உங்கள் வியர்வைதான். முன்பே எழுதியிருந்தால், எழுதப்பட்டவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா, பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் சரியாயிருக்கின்றனவா என்று பாருங்கள். சாவைப் பற்றி எழுதினால் சாவு வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. எழுதாதவருக்கும் அது வரத்தான் செய்கிறது. வந்தபின் அலைவது பெண்டு பிள்ளைகள்.

மூன்றாவது: ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். பெரிய சங்கங்களிலே வட்டாரக் கூட்டம் கூட்டிப் பேராளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு; அதற்கும் போங்கள். விருந்துச் சாப்பாட்டுக்கும் படிக்காசுக்கும் மட்டும் போய்த் திரும்பாமல், அறிக்கையைப் படித்துவிட்டுப் போங்கள். சென்ற ஆண்டு வரவு என்ன, செலவு என்ன, நிலம் எதுவும் விற்கப்பட்டதா, விற்றிருந்தால் என்ன விலைக்கு, அந்தப் பணம் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். கேள்வி கேட்பவன் பகைவன் அல்லன். நேர்மையான நிர்வாகிக்குக் கேள்வியே காவல்.

நான்காவது: பெண்களுக்கு இடம் விடுங்கள். அதிகாலையில் மரம் வெட்டியவரும் அவரே. அந்தியில் அடுப்பு மூட்டியவரும் அவரே. பத்து வெள்ளியை மிச்சம் பிடித்துக் கொடுத்ததும் பெரும்பாலும் அவர் கைதான். ஆனால் பங்குச் சீட்டிலே பெயர் கணவருடையது. கூட்டத்திலே நாற்காலி கணவருக்கு. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அவர் எங்களைக் கேட்க நேர்ந்ததே, அது யார் செய்த பிழை? நாம் எல்லோரும் சேர்ந்து செய்த பிழை.

ஐந்தாவது: நம்மைப்போன்ற கிராணிமாருக்கு. தோட்டத்திலே துரை பங்களா ஒரு மேட்டிலும், கிராணி வீடு நடுவிலும், லயம் பள்ளத்திலுமாகக் கட்டி வைத்தான் வெள்ளைக்காரன். அந்த மேடு பள்ளம் நம் மனத்திலும் ஏறிவிட்டது. செக்ரோலில் பேர் எழுதும் கை, தொழிலாளியின் விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதத்தைத் தமிழிலே படித்துச் சொல்லட்டும். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், கோயில் மண்டபத்திலோ மாடி வீட்டின் கீழ்த்தளத்திலோ ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். தமிழ்ப் பள்ளியிலே நாம் கற்ற எழுத்து, தொழிலாளியின் சந்தா கொடுத்த எழுத்து. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

இன்னொரு சொல். இன்று தோட்டங்களிலே நம் மக்கள் குறைந்துவிட்டனர். பால்மரம் நின்ற இடத்திலே செம்பனை நிற்கிறது. லயங்களிலே இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் வாழ்கின்றனர். அவர்களை அயலாரென்று ஒதுக்குவது நமக்கு அழகன்று. நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தவர்தாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை என்ன? கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். துப்பாக்கிக் குண்டுக்கும் இரையானார்கள். அந்த மானம் தமிழனுக்கு மட்டும் உரியதா? எந்த நாட்டுத் தொழிலாளியானாலும், தாழ்ந்த கூலிக்கு அவனை வேலை வாங்கவிட்டால் நம் கூலியும் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அவனையும் சேர்த்துக்கொண்டு நிமிர்வதே சங்க தர்மம்.

செந்தூல் நமக்குப் புதிய ஊரன்று. இங்கே இரயில்வே பட்டறை இருந்த காலத்தில், அதன் சங்கு ஊதினால் வீதியெல்லாம் தொழிலாளர் தலையாய் நிறைந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பட்டறை இன்று இங்கே இல்லை. சங்கொலியுமில்லை. பட்டறை போகும், தோட்டம் போகும், பால்மரமும் போகும். அவற்றோடு நாமும் போய்விடாமல் நிற்க வேண்டுமானால், சேர்ந்து சேமித்த பொருளும், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். முன்னதை நம் முன்னோர் பத்துப் பத்து வெள்ளியாய்ச் செய்து வைத்துப் போனார்கள். பின்னதை நாம்தான் செய்ய வேண்டும்.

அந்த அம்மையாரோடு அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போகிறோம். பெரியவரின் இறப்புச் சூரை, திருமணச் சான்று, பங்குச் சீட்டு மூன்றையும் ஓர் உறையிலே போட்டு வைத்திருக்கிறார். தொகை எவ்வளவு வருமென்று அவருக்குத் தெரியாது, எமக்கும் தெரியாது. "காசு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும் தம்பி. அவரு எதுக்காகக் கட்டினாருன்னு மட்டும் என் பேரப்பிள்ளைங்களுக்கு யாராச்சும் சொல்லணும்" என்றார்.

சொல்லிவிட்டோம், அம்மா. கேட்டவர்கள் இனிச் செய்யட்டும்.